சுடாத கால்

என் எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும்; ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துப் படியுங்கள்.

இன்று திண்டிவனம் பேருந்து நிலையத்தில் செருப்பு வார் அறுந்து வெறுங்கால் தாரில் பட்டதும், கூட்டேரிப்பட்டில் சாலையை அகலப்படுத்தியபோது அதற்கு அடியில் போய்விட்ட எங்கள் மல்லாட்டைக் களம், நிலக்கடலை காயவைக்கும் களம், ஞாபகம் வந்தது. சித்திரை வெயிலில் அந்தச் சிமெண்டுத் தரையில் நாங்கள் நிழல் தேடிக் குதிப்போம். அப்பா மட்டும் காயும் மல்லாட்டையைக் காலாலேயே சரசரவென்று துழாவிக்கொண்டு நிதானமாக நடப்பார்.

"உங்கப்பனுக்குக் காலாடா அது? லாடம் அடிக்கலாம்!" என்பார் பக்கத்து நிலத்துக்காரர்.

"எனக்கு ஒண்ணும் சுடலையே, இதுங்க ஏன் குதிச்சிக்கினு கெடக்குதுங்க?" என்று அப்பா சிரிப்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

சர்க்கரை நோயில் அவர் கால் மரத்துப்போயிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. பாயில் ரத்தக்கறையைப் பார்த்த பிறகுதான் அம்மா அவர் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இப்போது எனக்கும் சர்க்கரை. தினமும் கால் கழுவித் துடைத்து, தரையில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். இன்று தாரில் கால் பட்டு நான் கத்தியதைக் கேட்டு, "இன்னாண்ணா, அப்படியா சுடுது?" என்றார் பேருந்து நிலையத்துப் பூக்காரம்மா.

"சுடுதும்மா. நல்லா சுடுது" என்றேன். கண் கலங்கிவிட்டது.

எழுதியது: சித்திரை இருபத்தொன்றாம் தேதி.