மெதுவாக ஓடும் போர்டு கேட்டவர்

செகந்திராபாத் பக்கம் மல்காஜ்கிரி நிறுத்தத்துக்கு நான் ஓடிப் போனபோது ஆபீஸ் பஸ் நின்றுகொண்டிருந்தது. எனக்காக அது ஒரு நாளும் நின்றதில்லை. படியில் கால் வைத்ததும் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு, "தணிகாசலம் சாப் குஜர் கயே அம்மா" என்றார். தணிகாசலம் இறந்துபோனாராம். முந்தைய நாள் மாலை வேலை முடிந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்ற உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். மாரடைப்பு. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. நான் பஸ்ஸிலிருந்து இறங்கி அவர் வீட்டுப் பக்கம் நடந்தேன்.

ஆபீசில் உங்களில் பலருக்கு அவர் ஏசி ரிப்பேர் பார்ப்பவர். காஞ்சன்பாக்கில் எங்கள் கம்ப்யூட்டர் அறையின் மின்சாரமும் குளிர்ச்சியும் அவர் பொறுப்பு. அரக்கோணத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு இங்கே வந்தவரின் மகன். நான் அதே அறையில் புரோகிராம் எழுதும் அதிகாரி, வாய் கொஞ்சம் நீளம். ஒரு முறை மின்சாரம் எகிறி டிரைவ் ஒன்று புகைந்தபோது நான் உதவியாளரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். தணிகாசலம் என்னைத் தாண்டிப் போய் மெயினை அணைத்துவிட்டு, "மொதல்ல பவரை நிறுத்தணும் மேடம். ஆளைத் திட்டுறது அப்பால" என்றார். அன்றிலிருந்துதான் நாங்கள் நண்பர்கள்.

அவர் மனைவி சகுந்தலாவுக்கு நாலு வருடம் முன்பு பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று. வலது கையின் ஆள்காட்டி விரலைத் தவிர உடம்பில் எதுவும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பிள்ளைகள் இல்லை. வீட்டோடு இருந்த தணிகாசலத்தின் அக்கா ராஜம்தான் சோறூட்டிக் கவனித்துக்கொண்டார். ஆபீஸ் ஏலத்தில் கழித்துக்கட்டிய ஒரு பழைய எக்ஸ்டி கம்ப்யூட்டரை வாங்கிச் சரிசெய்துவிட்டு, தணிகாசலம் என் மேஜை முன் வந்து நின்றார். ஒரே விரலால் எழுத முடிகிற மாதிரி புரோகிராம் செய்ய முடியுமா என்று கேட்டார்.

செய்தேன். திரையில் தமிழ் எழுத்துகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒரு வெளிச்சக் கட்டம் அவற்றின் மேல் நகர்ந்துகொண்டே போகும். வேண்டிய எழுத்துக்கு அது வரும்போது சகுந்தலா பட்டனை அழுத்த வேண்டும். பட்டன் என்பது அவர் கீபோர்டில் சோல்டர் வைத்து இணைத்த காலிங் பெல் பட்டன். பகலெல்லாம் அவள் எழுதிவைப்பாள், மாலையில் வந்து அவர் படிப்பார். அதை நம்பித்தான் அவர் நிம்மதியாக வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

போன கோடையில் அந்த மதர்போர்டு சூடு தாங்காமல் செத்துப்போயிற்று. செகந்திராபாத்தில் ஒரு மாடிக் கடைக்கு இருவரும் போனோம். இரண்டு போர்டுகள் இருந்தன. ஒன்று பழைய ரகமே, வேகம் கொஞ்சம்தான் கூட, ஒரு பட்டனை அமுக்கினால் பழைய வேகத்துக்கு இறங்கும். இன்னொன்று 286 என்ற புது ரகம், பல மடங்கு வேகம். தணிகாசலம் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எது எவ்வளவு மெதுவாக ஓடும் என்று கடைக்காரரைக் கேட்டார்.

"சப் லோகாங் ஃபாஸ்ட் பூச்தே சாப், ஆப் ஸ்லோ கைக்கு பூச்ரே?" என்று கடைக்காரர் சிரித்தார். ஊரெல்லாம் வேகம் கேட்க இவர் மட்டும் மெதுவைக் கேட்கிறாரே என்று நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

"அவளுக்கு அந்த வேகம் பழகிப்போச்சு மேடம்" என்றார்.

"அதையெல்லாம் நான் பார்த்துக்கிறேன். வாங்குறதை ஒரேயடியா நல்லதா வாங்குங்க" என்றேன். மேடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று 286-ஐ வாங்கினார். இரண்டாம் நாள் என்னைப் பயிற்சிக்குப் பெங்களூர் அனுப்பினார்கள். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதை நான் அடியோடு மறந்துபோனேன்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பினால் கம்ப்யூட்டர் அறை ஏசி ஓடவில்லை. தணிகாசலம் மூன்று வாரமாக லீவு என்றார்கள். நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவது என்றுதான் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கட்டிலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பழுப்பு அட்டை, அதில் பேனாவால் எழுதிய அரிச்சுவடி. எழுத்து எழுத்தாக விரலை நகர்த்திக்கொண்டே போனார். வேண்டிய எழுத்தில் சகுந்தலா கட்டில் சட்டத்தைத் தட்டினாள்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. எழுத்துக்கு எழுத்து கட்டம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கு, மெஷினைச் சும்மா ஓர் எண் வரை எண்ணச் சொல்லியிருந்தேன். புது பிராசஸர் அதைக் கண்மூடித் திறப்பதற்குள் எண்ணித் தள்ளியது. கட்டம் ஓடிய ஓட்டத்தில் அவள் விரலால் ஓர் எழுத்தைக்கூடப் பிடிக்க முடியவில்லை. கடிகாரத்தைப் பார்த்து நகரும்படி மாற்றி எழுத எனக்குப் பத்து நிமிடம்தான் ஆயிற்று. ஒரு டிரங்க் கால் போட்டிருக்கக் கூடாதா என்று அவரிடமே கோபப்பட்டேன்.

"டிரெய்னிங்ல இருக்கிற ஆபீசரை எப்படி மேடம் கூப்பிடறது?" என்றார். பிறகு காபி கொடுத்தார். கடையில் நான் சிரித்ததைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு வருடமாக அதே பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் சகுந்தலாவிடமே கேட்டுவிடுவது என்று போனேன். உன்னை மூன்று வாரம் ஊமையாக வைத்தவள் நான்தான் என்று சொல்லி அழுதேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். ராஜம் போட்டுவிட்டார். கட்டம் நகர, அவள் விரல் அழுத்த, ஒரு வாக்கியம் சேர வெகுநேரம் ஆயிற்று.

"அழாதே அக்கா. நீ சரிசெய்த மறுநாளே அவர் வேலைக்குப் போய்விட்டார்."

அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேனோ தெரியாது. நாலு வருடத்தில் அந்த மூன்று வாரம்தான் அவர்கள் பகலெல்லாம் பேசியிருக்கிறார்கள்.

கிளம்பும்போது அந்த அட்டையை எனக்குக் கொடுக்கச் சொல்லி ராஜத்துக்குக் கண் காட்டினாள். தணிகாசலத்திடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அவர் விரல் அதிகம் நின்ற எழுத்துகள் மட்டும் அழுக்கேறி மங்கியிருக்கின்றன. ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தால் சில சொற்களாவது கிடைக்கும். நான் சேர்த்துப் பார்க்கவில்லை.