சோஹார் கடலில் ஊற்றிய தண்ணீர்

பேய், அற்புதம் என்று யாராவது ஆரம்பித்தாலே ‘போங்க, வேற வேலை இல்ல’ என்று எழுந்து போகிற ஆள் நான். ஐசியூ நர்ஸ், குளச்சல்காரி, ஞாயிறு பூசை தவறாதவள். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நான் ஓமானில், சோஹாரில் வேலை பார்க்கிறேன். ஊரில் கடலுக்குப் போன என் வீட்டுக்காரர் சகாயத்தின் போட்டைக் காணவில்லை. நாள் போகிறது, தகவலே இல்லை, லீவும் கிடைக்கவில்லை. ஜெபமாலையை எடுத்தால் வாய் வரவில்லை, கடல் மேல் அப்படி ஓர் ஆத்திரம். கூட வேலை பார்க்கும் ரூதா லிதுவேனியாக்காரி. சூரியன், மரம், கடல் என்று அவர்கள் நாட்டுப் பழைய தெய்வங்களை இப்போது திரும்பக் கும்பிடுகிறவர்களில் ஒருத்தி. கடலிடம் என்ன ஜெபம் சொல்வீர்கள், புத்தகம் இருந்தால் கொடு என்று கேட்டேன். புத்தகமும் இல்லை, குருவும் இல்லை, உனக்கு என்ன வருகிறதோ அதைச் செய், வெறுங்கையோடு மட்டும் போகாதே என்றாள்.

டியூட்டி முடிந்து காலையில் அவள் காரிலேயே கடற்கரைக்குப் போனோம். முழங்கால் தண்ணீரில் நின்றதும் பழக்கதோஷம், கை தானாகச் சிலுவை போட்டது. என்னிடம் இருந்தது குடிதண்ணீர் பாட்டில்தான். அதை அப்படியே கடலில் கவிழ்த்து, “அவருக்குத் தாகமா இருக்கும், கொண்டு போய்க் குடு தாயே!” என்று கத்தினேன். நம்பினால் நம்புங்கள், அலை சட்டென்று அடங்கிவிட்டது! முகத்தில் தெறித்த நீர் உதட்டில் பட்டது, உப்பே இல்லை. ரூதாவும் கையில் அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு அழுதாள்.

அந்த வாரமே ஒரு சரக்குக் கப்பல்காரர்கள் சகாயத்தையும் போட்டில் இருந்த மற்றவர்களையும் மீட்டுவிட்டார்கள். போனில் அவர் குரல், “எட்டி, இன்ஜின் நின்னு போச்சு, தண்ணியும் தீந்து கெடந்தோம். ஒருநாள் காலைல கடல் அசையாம நின்னுச்சு. அள்ளிக் குடிச்சா நல்ல தண்ணி, கேட்டியா! சொன்னா, வெயிலு மண்டைல ஏறிட்டுன்னு சிரிக்கானுவ.”

நான் சிரிக்கவில்லை, ரூதாவைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன்! இப்போது பூசைக்கும் போகிறேன், வெள்ளிக்கிழமை காலையில் கடலுக்கும் போகிறேன். இது என்ன மதம் என்று கேட்காதீர்கள், எனக்கு இதுதான் வழி. அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான். அன்றிலிருந்து ரூமில் எல்லோரும் குடிக்கிற அதே தண்ணீர் என் நாக்கில் மட்டும் கடல் தண்ணீர் மாதிரி கரிக்கிறது. டெஸ்ட் எல்லாம் எடுத்தாயிற்று, ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். அதையேதான் தினமும் குடித்துக்கொண்டிருக்கிறேன்.