ஒரு கேள்விக்கு நான் சொன்ன பதில்

என் மகள் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறாள். போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. போன வருஷம் நம் சென்னையிலேயே ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். சில வருஷம் வேலையைப் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார்களாம். "கெடச்சா உன்கூடவே இருந்துடுவேம்மா" என்று நேர்காணலுக்கு வந்தாள்.

நானும் கூடப் போனேன். அவள் உள்ளே மாதிரி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது, துறைத் தலைவர் வராந்தாவுக்கு வந்து என் பக்கத்தில் காபியோடு உட்கார்ந்தார்.

"வேலை குடுத்தா பொண்ணு இங்கயே தங்கிடுவாங்களாம்மா?"

தேனாம்பேட்டையில் இட்லி சுட்டு விற்று அவளைப் படிக்க வைத்தவள் நான். கையேந்தி வந்திருக்கிறோம் என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்று தோன்றியது.

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? அவள அங்க பெரிய பெரிய எடத்துல கூப்ட்டுகினே கீறாங்க. இத்த நம்பியா வந்தா? என்னப் பாக்க வந்தா, அப்டியே இங்கயும் தல காட்டுறா."

அவர் சிரித்தார். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

வேலை வேறொருவருக்குப் போனது. மகள் திரும்பிப் போய்ப் போன் செய்தாள்.

"நான் நெலச்சு இருக்க மாட்டேன்னு நெனச்சுட்டாங்களாம்மா. ஏன் அப்டி தோணுச்சுன்னே தெரியல."

"கண்ணு அவிஞ்சவனுங்க, உடு" என்று அவர்களைத் திட்டினேன்.

அவளுக்காக வாங்கிப் போட்ட கட்டிலில் நான் படுப்பதில்லை. தினமும் விரிப்பை மட்டும் உதறிப் போடுகிறேன். உதறும்போதெல்லாம், "தங்கிடுவா சார்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன். சொல்ல எத்தனை சுலபமாக இருக்கிறது.