ஊசி துள்ளும் வீடு

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்றரை மணி. லீலா அக்காதான் பேசினாள். எப்போது போன் செய்தாலும் அவள் குரலுக்குப் பின்னால் தறிச் சத்தம் கேட்கும். ஓடுவது ஒரு தறியா இரண்டு தறியா என்றுகூட என்னால் சொல்லிவிட முடியும். அன்று ஒன்றும் கேட்கவில்லை. 

"மாமா போயிட்டாருடி" என்றாள்.

நெய்து முடித்த புடவையைக் கடையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர், கடைப் படியில் உட்கார்ந்திருக்கிறார். பிறகு எழுந்திருக்கவில்லை.

சிவப்பிரகாசம் மாமாவைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆரணியில் பிறந்தார், ஆரணியிலேயே பட்டு நெய்தார், என் அக்காவைக் கட்டிக்கொண்டார். முருங்கைக்காய் சாம்பார் என்றால் ஒரு பிடி அதிகம் சாப்பிடுவார். அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் ஒரு ரெக்கார்டு பிளேயர். களம்பூரில் மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒருவர் கடையைக் காலி செய்தபோது, அதையும் ஒரு மூட்டை இசைத்தட்டுகளையும் வாங்கி, பஸ்ஸில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்தார். பாதி நாதஸ்வரம், பாதி சினிமாப் பாட்டு.

அவர்கள் வீட்டுக் கூடத்தில், தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு மிதித்து நெய்கிற குழித்தறிகள் இரண்டு. ஒன்று அவருக்கு, ஒன்று அக்காவுக்கு. பிளேயரை வைக்கவும் அந்தக் கூடத்தை விட்டால் வேறு இடமில்லை. முதல் நாளே சங்கதி தெரிந்துபோயிற்று. தறியில் ஓர் அடி விழுந்தால் தரை அதிரும். தரை அதிர்ந்தால் ஊசி துள்ளும், பாட்டு ஒரு வரியைத் தாண்டிக் குதித்துவிடும். ஆகவே தட்டு சுற்றி முடிகிற வரை இரண்டு தறியும் நிற்க வேண்டும். அக்காவுக்கு எரிச்சலாக வரும்.

"பேஜாரு புடிச்ச மிஷினு. அது பாடணும்னா நாம வேலய உட்டுட்டுக் கை கட்டிகினு குந்தணும்" என்பாள். சொல்லிக்கொண்டே குழியிலிருந்து ஏறி வந்து, முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

மிதித்து மிதித்து அவளுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலமானால் கணுக்கால் வீங்கிவிடும். ஒரே மூச்சாக உட்காராதீர்கள், நடுநடுவே எழுந்து காலை உயர்த்தி வையுங்கள் என்று வேலூர் டாக்டர் சொல்லியிருந்தார். இந்த முகூர்த்த மாதம் போகட்டும் என்பாள் அக்கா. ஆரணியில் முகூர்த்த மாதம் எங்கே போகிறது? ஒன்று போனால் அடுத்ததற்கு ஆர்டர் வந்துவிடும்.

அவர்களுடைய ஒரே பையன் பார்த்திபன் பெங்களூரில் வேலை செய்கிறான். போன வருஷத்துக்கு முந்தின தீபாவளிக்கு, போனில் இருக்கும் பாட்டைப் பாடுகிற ஒரு ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கரும் கொண்டுவந்தான். ஸ்டுடியோவில் பதிந்தது ஒரு துளி குறையாமல் இதில் கேட்கும் என்றான். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. தட்டில் உயிர் இருக்கிறது, டிஜிட்டலில் அது இல்லை என்று பிடிவாதமாகச் சொன்னார். உடனே பந்தயம் வைத்தார்கள். மாமாவின் கண்ணைத் துண்டால் கட்டி, ஒரே நாதஸ்வரத்தைத் தட்டிலும் டிஜிட்டலிலும் மாற்றி மாற்றிப் போட்டான் பார்த்திபன். மாமா ஒவ்வொரு முறையும் தப்பாகவே சொன்னார். அந்தத் தட்டையே முந்தின நாள் கரகரப்போடு சேர்த்துக் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்திருந்தான் அவன்.

"அந்த உசுரையும் சேத்துத்தாம்பா எடுத்துக்கீறேன்" என்றான். அக்கா சிரித்த சிரிப்பில் மாமாவும் துண்டை அவிழ்த்துவிட்டுச் சிரித்தார். தோற்றதை ஒத்துக்கொண்டு பிளேயரைத் துணி போட்டு மூடிவைத்தார்.

புதியதில் துள்ளுவதற்கு ஊசி இல்லை; அதன்பின் நாளெல்லாம் பாட்டு. தறி தன் பாட்டுக்கு ஓடும், பாட்டு தன் பாட்டுக்கு ஓடும். இதுவல்லவா பிழைக்கிற வழி என்று அக்கா மகனை மெச்சிக்கொண்டாள். ஒரு மாதம் கழித்து நான் போயிருந்தபோது காலையில் குழியில் இறங்கியவள் சாப்பிட மட்டுமே ஏறினாள். விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் வெளியே வந்தபோது கணுக்காலில் கொலுசு பதிந்து, சதை இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது. ஒன்றுமில்லை, உப்பு அதிகமாகிவிட்டது என்றாள்.  மாமா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் பிளேயரின் மேல் இருந்த துணியை எடுத்துவிட்டார். பார்த்திபன் போனில் கேட்டதற்கு, என்ன இருந்தாலும் தட்டுச் சத்தம்தான் நல்லா கீது என்றாராம்.

ஊசி துள்ளுவதுதான் தொல்லை என்று நினைத்துக்கொண்டான் பிள்ளை. பொங்கலுக்கு வந்தபோது ஒரு பலகை, இரண்டு இரும்புத் தாங்கி, ஒரு டிரில் எல்லாம் வாங்கிவந்தான். சுவரில் பலகையை அடித்து அதன்மேல் பிளேயரை வைத்துவிட்டால் தரை அதிர்வு எட்டாது, தறியை நிறுத்தவே வேண்டாம் என்றான். அருமையான யோசனை என்றார் மாமா. நானே மாட்டிக்கொள்கிறேன் என்று அளந்து, குறி போட்டு, அன்றைக்கே ஓர் ஓட்டையும் போட்டார்.

அதற்கப்புறம் டிரில் சூடாகிவிட்டது என்றார். பிறகு சுவர் பொக்கு, திருகு நிற்காது என்றார். பிறகு கார்த்திகைக்கு வெள்ளையடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். அறுந்த பட்டிழையைக் கண்ணுக்குத் தெரியாமல் முடி போடுகிற மனிதருக்குச் சுவரில் ஓட்டை போட வரவில்லையாம் என்று அக்கா தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். ஆனால் வேறு ஆளைக் கூப்பிட்டு மாட்டச் சொன்னதில்லை. சாயங்காலம் அவர் தட்டைத் துடைக்க ஆரம்பித்ததும் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வருவாள். ஒரு பக்கம் முடிந்ததும் அவர் மறுபக்கத்தை மெதுவாக, மிக மெதுவாகத் துடைப்பார்.

காரியமெல்லாம் முடிந்த சில நாளில் அக்கா மறுபடி குழியில் இறங்கினாள். ஒற்றைத் தறிச் சத்தம் எங்களுக்குப் பழகவில்லை. பார்த்திபன் ஏதாவது செய்ய வேண்டும்போல் கூடத்தில் சுற்றி வந்தான். அப்பா விட்டுப்போன வேலையையாவது முடித்துவிடலாம் என்று டிரில்லை எடுத்து, சுவரருகே போனான். தறி நின்றது.

"வேணாம்பா" என்றாள் அக்கா. "அதை மாட்டிட்டா அப்புறம் என்னைக் குழியிலேருந்து யாரு எழுப்புவாங்க?"

 அவன் டிரில்லைக் கீழே வைத்துவிட்டு, உறையிலிருந்து ஒரு தட்டை எடுத்துத் துடைத்தான். அப்பாவைப்போல அவ்வளவு மெதுவாக அவனுக்கு வரவில்லை. அக்கா குழியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து, முக்காலியை இழுத்துப் போட்டுக் காலைத் தூக்கி வைத்தாள்.

பலகை கதவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது. சுவரில் ஓர் ஓட்டை. மற்ற மூன்று இடங்களில் மாமா பென்சிலால் போட்ட பெருக்கல் குறிகள்.