அம்மாவுக்கு எடுத்த ஈ.சி.ஜி.

கை ரிக்‌ஷாவை ஒழித்த அடுத்த வருஷம் மயிலாப்பூரில் ஒரு டாக்டரிடம் ஈ.சி.ஜி. எடுக்கும் வேலையில் சேர்ந்தேன். கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் அவர் வீட்டு முன்னறைதான் கிளினிக். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவனே நான் ஒருவன்தான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸாகி, பேன்ட் போட்டுக்கொண்டு போகிற வேலை என்பதால் நாங்கள் குடியிருந்த பட்டினப்பாக்கத்தில் பாதிப் பேர் என்னையே டாக்டர் என்று நினைத்தார்கள். நானும் அதை ரொம்ப மறுக்கவில்லை.

நோயாளியின் கை கால்களில் களிம்பு தடவி, தகடு வைத்து, ரப்பர் பட்டையால் கட்ட வேண்டும். மெஷினில் சூடான முள் ஒன்று தாளில் கோடு போட்டுக்கொண்டே போகும். அந்தத் தாளை வெட்டி அட்டையில் ஒட்டி டாக்டர் மேஜையில் வைத்தால் என் வேலை முடிந்தது. படிப்பது அவர் வேலை. நோயாளி எவ்வளவு கெஞ்சினாலும் "டாக்டர் சொல்வார்" என்பதற்கு மேல் நான் வாய் திறக்கக் கூடாது.

ஆனால் தினமும் வெட்டி ஒட்டுகிறவன் படிக்காமல் இருக்க முடியுமா? முதலில் ஒரு சின்ன மேடு. அடுத்து உயரமான ஒரு கூர். பிறகு தணிந்த ஒரு மேடு. சின்ன மேடு வந்தால் பின்னாலேயே கூர் வந்தாக வேண்டும். இரண்டு கூருக்கு நடுவில் எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, முந்நூறை அந்த எண்ணால் வகுத்தால் நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு என்று வந்துவிடும். கணக்கில் நான் எப்போதும் நல்ல மார்க் வாங்குகிறவன்.

அம்மா மீன் விற்கிறவள். காலையில் கரையில் மீன் எடுத்துக்கொண்டு மந்தைவெளி, மீர்சாகிப்பேட்டை என்று சுற்றுவாள். அந்த வருஷம் ஆடி மாதத்தில், மீர்சாகிப்பேட்டையில் ஒரு பாய் வீட்டு வாசலில் மீனைக் கூறு போட்டுக்கொண்டிருந்தபோதே சாய்ந்துவிட்டாள். அந்த வீட்டம்மா ஓடிவந்து இரும்புச் சாவிக் கொத்தை அம்மா கையில் திணித்தார்களாம். கொஞ்ச நேரத்தில் அம்மா எழுந்து உட்கார்ந்து, "எத்தினி கூறு குடுத்தேன்?" என்று கேட்டிருக்கிறாள். காக்காவலிப்பு என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். மறுவாரம் மந்தைவெளியில் விழுந்தாள். அங்கேயும் யாரோ சாவி கொடுத்தார்கள், அங்கேயும் எழுந்தாள். அன்றிலிருந்து பழைய பூட்டுச் சாவி ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஒரு நாள் சாயந்திரம் விளையாட்டுப் போல அவள் கையைப் பிடித்து வாட்சைப் பார்த்தேன். நிமிஷத்துக்கு முப்பத்து நாலு துடிப்பு; எழுபதாவது இருக்க வேண்டும். டாக்டரிடம் சொன்னபோது, "நாளைக்கே கூட்டிண்டு வா," என்றார்.

அம்மா மஞ்சள் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வந்தாள். இருந்தும் மணிக்கட்டில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டுப் பட்டை கட்டினேன். படுத்தவள் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, புள்ள மெஷினுக்குப் பூட்டுப் போடப்போறியா?" என்று கிளினிக் ஆயா சிரித்தாள்.

"வுயுந்தவ நானு. உனுக்கு இன்னா தெரியும்?" என்றாள் அம்மா.

கை இறுகியிருந்தால் தசை நடுங்கும். கோடு முழுக்க ரம்பப் பல்லாக வரும். இரண்டு தடவை எடுத்தது வீணாய்ப் போயிற்று.

"சாவிய வுடும்மா."

"வுட்டா மயக்கம் வரும்டா."

"வராது. சாவியவிட இது பெரிசு. கரண்டு மெஷினு. இது கீறப்போ உனுக்கு ஒண்ணும் ஆவாது."

கோடு ஒழுங்காக வந்தால் போதும் என்ற அவசரத்தில் சொன்ன வார்த்தை. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு விரல்களைத் திறந்தாள்.

கோடு சுத்தமாக வந்தது. சின்ன மேடுகள் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தன. கூர்கள் அவை பாட்டுக்குத் தூரத் தூரமாக வந்தன. ஒன்றுக்கும் மற்றதுக்கும் சம்பந்தமே இல்லை. கூருக்குக் கூர் ஒன்பது கட்டம். முந்நூறை ஒன்பதால் வகுத்தேன். மறுபடியும் வகுத்தேன். பட்டைகளை மாற்றிக் கட்டிவிட்டேனோ என்று எல்லாவற்றையும் அவிழ்த்துக் கட்டினேன். நான் தப்புச் செய்திருக்க வேண்டும் என்று அதற்கு முன் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை.

"மெஷினு இன்னா சொல்லுது நைனா?"

"டாக்டர் சொல்வாரும்மா," என்றேன்.

டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "ஹார்ட்டோட மேல் அறை கூப்பிட்டுண்டே இருக்கு. கீழ் அறைக்குக் காதுல விழல. அது தானா எப்பவாவது எழுந்து வேலை பாக்கறது. என்னிக்கு எழுந்துக்காம போகுமோ, சொல்ல முடியாது. பெரிய ஆஸ்பத்திரில சேத்துடு. நெஞ்சுல பேட்டரி வெக்கணும். நான் லெட்டர் தரேன்." அதுவரைக்கும் நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரை கொடுத்தார். நெஞ்சு படபடக்கிறது என்று அம்மா அதை இரண்டாம் நாளே துப்பிவிட்டாள்.

அந்த வாரம் அவள் விழவில்லை. அதுதான் வினையாய்ப் போயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை தானாகவே கிளினிக்குக்கு வந்து நின்றாள். "கம்பி வையிடா. போன வாரம் வெச்சதுல காத்து மாதிரி கீறேன்."

"அது வைத்தியம் இல்லம்மா. போட்டோ புடிக்கிற மாதிரி. போட்டோ புடிச்சா ஜுரம் வுட்டுடுமா?"

"நீதானேடா சொன்னே, சாவியவிடப் பெரிசுன்னு."

வைக்க மாட்டேன் என்றால் சாவியோடு போய்விடுவாள்; டாக்டர் கண்ணிலும் படமாட்டாள். அதனால் வைத்தேன். வெள்ளிதோறும் வைத்தேன். ஒன்பது கட்டம் பத்தாயிற்று. பிறகு பதினொன்று. லெட்டர் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் செருகியபடி இருந்தது. "எம் புள்ள கையிலியே மெஷினு கீது. நான் எதுக்கு அங்க போயி பட்க்கணும்?" என்று அவள் கரையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

ஒரு வெள்ளியன்று, டாக்டர் இன்னும் வராத நேரம். முள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சின்ன மேடு. இன்னொன்று. கூர் வரவில்லை. மேடு, மேடு, மேடு. நான் பழக்கத்தில் கட்டத்தை எண்ணினேன். அம்மாவின் கண் மேலே செருகியது. "ஐயோ, பாருய்யா!" என்று ஆயா கத்தினாள். என் கை மெஷின் திருகின் மேலேயே இருந்தது. அந்தக் கோட்டின் ஒவ்வொரு வளைவுக்கும் பேர் தெரிந்தவன் நான். கையை எடுத்து எங்கே வைக்க வேண்டும் என்று தெரியவில்லை. நாற்பது கட்டம் தாண்டி ஒரு கூர் வந்தது. அப்புறம் இன்னொன்று.

அம்மா கண்ணைத் திறந்தாள். "வந்துச்சு பாத்தியா? மெஷினு இஸ்துகினு வந்துடுச்சு."

தாளைக் கிழித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இங்க உன் நெஞ்சு நின்னுபோச்சும்மா. மெஷினு ஒண்ணும் பண்ல. நானும் ஒண்ணும் பண்ல."

"பொறவு எப்டி எந்திரிச்சேன்?"

"தானா."

"தானாவே எந்திரிச்சுட்டேன், அப்பால எதுக்கு ஆஸ்பத்திரி?"

எனக்கு ஒரு பொய்தான் வந்தது. "மெஷினு ரிப்பேரும்மா. இனிமே எடுக்க முடியாது. நீ ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆவணும்."

"ரிப்பேர் பண்ணட்டும். அப்பால வந்துக்கறேன்," என்று எழுந்து புடவையைச் சரிசெய்தாள். டாக்டர் வரும்வரைக்கும் இரு என்றேன். மீன் கெட்டுப்போகும் என்றாள். ஆயா கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள்; அம்மா உதறிவிட்டு நடந்தாள்.

பின்னாலேயே ஓடினேன். சந்து முனையில், பூவரச மரத்தடியில் கூடையை வைத்துவிட்டு வந்திருந்தாள். அதன்மேல் ஈரச்சாக்கு. தலையில் சும்மாடு சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு நின்னுகினு கீறே? ஒரு கை புடி."

நான் மறுத்தால் வழியில் போகிற யாரையாவது கூப்பிடுவாள். குனிந்து கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்தேன். அன்றைக்கு நல்ல கனம். முழு வஞ்சிரம் இரண்டு இருந்தது.