கப்பலுக்கா, மனிசனுக்கா

எண்பதுகளின் தொடக்கம். நான் கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நான் அக்கா முறையில் ராத்தா என்று அழைக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணவர் வெளிநாட்டுக் கப்பலொன்றில் சமையல்காரர். நான்கு மாதமாக அவரிடமிருந்து கடிதம் இல்லை. ராத்தா சொல்லச் சொல்ல, கொழும்பிலிருந்த கப்பல் ஏஜென்சிக்கு நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். பதிலுக்கு ஆங்கிலத்தில் தந்தி வந்தது.

கணவர் கப்பலில், லெய்ட்-அப், கிரீஸ் நாட்டில், கடிதம் பின்னால் வரும். அவ்வளவுதான்.

“என்னவாம் புள்ள?”

நோயில் படுத்துவிட்டவரை ‘லெய்ட்-அப்’ என்பார்கள் என்று படித்திருந்தேன். “மச்சானுக்குச் சுகமில்லையாம் ராத்தா. படுக்கையில கிடக்காராம்.”

ராத்தா அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். “உசிரோட இரிக்காரா எண்டு மட்டும் பார்.”

அஸர் தொழுகைக்கு முன்பே வீடு நிறையப் பெண்கள். நோயாளிக்காக யாசீன் ஓதத் தொடங்கினார்கள். ராத்தாவின் தம்பி கொழும்புக்குப் புறப்பட ஆயத்தமானார்.

எனக்கு ஒன்று உறுத்தியது. நோயாளியை ஏன் கப்பலிலேயே வைத்திருக்கிறார்கள்? பாடசாலைக்கு ஓடி, அதிபரிடம் அலுமாரிச் சாவி வாங்கிப் பெரிய அகராதியைப் புரட்டினேன். அந்தச் சொல்லுக்கு இரண்டாவது பொருளும் இருந்தது: ஓட்டத்தை நிறுத்தித் துறைமுகத்தில் கட்டிவைத்த கப்பல். எது சரி? தந்தியை எத்தனை தரம் வாசித்தும் பிடிபடவில்லை. இல்லாத நம்பிக்கையைக் கொடுத்துவிடுவேனோ என்ற பயத்தோடுதான் திரும்பி வந்தேன்.

“ராத்தா, கப்பல ஓடாமக் கட்டிப்போட்டாலும் அப்பிடித்தான் சொல்லுவாங்களாம்.”

ஓதல் நின்றது.

“அப்ப இது ஆருக்கு? கப்பலுக்கா, மனிசனுக்கா?”

“தெரியா ராத்தா.”

“தெரியாட்டி முதல்லயே தெரியா எண்டிருக்கலாமே” என்றார் தம்பி. அவர் பஸ் ஏறப் போய்விட்டார்.

மூன்று நாள் நான் ராத்தாவின் வாசலைத் தவிர்த்து, பின் ஒழுங்கையால் பாடசாலைக்குப் போனேன். நான்காம் நாள் தம்பி திரும்பி வந்தார். சரக்கு இல்லாமல் கப்பலைக் கட்டிப்போட்டிருந்தார்களாம். காவலுக்கு நின்ற நாலு பேருக்கு மச்சான் சமைத்துக்கொண்டிருந்தார். ஏஜென்சியில் கிடந்த அவருடைய தமிழ்க் கடிதத்தையும் தம்பி கொண்டுவந்திருந்தார்.

ராத்தா அதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தானே எனக்கு வாசித்துக் காட்டினார்.

“சுகமா இரிக்காராம் புள்ள. தான் ஆக்கிறதத் தனக்கே தின்ன ஏலாம இரிக்காம்.”

ராத்தா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.