அப்பா சொல்லாத தீவு

விரித்து வைத்த வரைபடத்தை அப்பா தொடக்கூட இல்லை. எங்கள் மந்தைவெளி வீட்டுக் கூடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது அது. அடையாற்றின் நடுவே, வெள்ளைக்காரர் காலத்திலிருந்து ராணுவத்தின் வசம் இருந்த தீவின் வரைபடம். அந்தத் தீவைப் பொதுமக்களுக்கான பூங்காவாக மாற்றும் வேலையில் நான் இளநிலைப் பொறியாளர். அப்பாவோ அதே தீவில் முப்பது ஆண்டுகள் பம்ப் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மழைநீரை ஆற்றில் விடும் பழைய நிலத்தடி வடிகால்கள் எந்தக் காகிதத்திலும் இல்லை, அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தன.

"அத மட்டும் கேக்காதம்மா. அங்க பாத்தது எதையும் வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்து போட்டுக் குடுத்துக்கீறேன்."

"அது ராணுவத்துக்கிட்ட இருந்தப்போ. இப்ப அது பூங்காப்பா!"

"தீவுதான் கைமாறிச்சு. என் கையெழுத்து மாறலையே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் மழையிலேயே புல்வெளியில் தண்ணீர் தேங்கினால் பூங்காத் திட்டத்தையே கைவிட்டு, தீவைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று சிலர் காத்திருந்தார்கள். இதையெல்லாம் சொல்லியும் அவர் அசையவில்லை. என் சின்ன வயதிலும் அப்படித்தான். "இன்னிக்கு அங்க இன்னா நடந்துச்சு?" என்று அம்மா தினமும் கேட்பாள். "மோட்டார் ஓடிச்சு" என்று தினமும் சொல்வார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது.

வேறு வழியில்லாமல் ராணுவ அலுவலகத்துக்கு நானே எழுதினேன். பெற்ற மகளிடம் பேச அப்பாவுக்கு அனுமதி கேட்டு எழுதுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. மழைக்குச் சில நாள் முன்பு பதில் வந்தது. வடிகால் விவரங்களைத் தெரிவிக்கத் தடையில்லை என்று இரண்டே வரி. அப்பா அதை மூன்று முறை படித்தார். முகம் மழித்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, "ஆட்டோ கூப்புடு" என்றார்.

தீவில் இறங்கியதும் தூங்குமூஞ்சி மரத்தடியிலிருந்து அடி வைத்து எண்ணிக்கொண்டே போனார். நின்ற இடத்தில் செருப்பால் தட்டி, "இங்க தோண்டு" என்றார். அப்படி நான்கு இடங்கள். நான்கிலும் மண்ணுக்கடியில் இரும்பு மூடி, அதன் கீழே செங்கல் கால்வாய். வேலையாட்கள் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கால்வாய்களில் அடைந்திருந்த மண்ணை வாரி, புல்வெளித் தண்ணீரை அவற்றில் திருப்பிவிட்டோம். அந்த வாரமே ஓர் இரவு விடிய விடியப் பெய்தது. காலையில் புல்வெளியில் ஒரு குட்டைகூட இல்லை. குத்தகைப் பேச்சு அதோடு அடங்கியது.

திறந்த முதல் ஞாயிறு மயிலாப்பூரே அங்கே வந்துவிட்டது போலக் கூட்டம். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் பெண் ஒருத்தி, பிள்ளைகளோடு எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எதிரே இருந்த வட்டமான செங்கல் கட்டடத்தைக் காட்டி அப்பாவிடம் கேட்டாள்.

"நைனா, இதுல முன்ன இன்னா வச்சினு இருந்தாங்க?"

"தெரியாதும்மா" என்றார் அப்பா.

நான் திரும்பிப் பார்த்தேன். "லெட்டர்ல வடிகால்னுதான் போட்டுக்கீது" என்றார், என் காதோடு.

அப்பா போய் இரண்டு வருடமாகிறது. ஞாயிறுதோறும் நான் அங்கே போய் உட்காருகிறேன். அந்தக் கட்டடத்தில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டால், தலையை நிமிர்த்திக்கொண்டு தெரியாது என்கிறேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது.